பக்கத்தில் நின்றவள்

மூன்று வருடங்களுக்கு முன், மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் குறுவை நடவு நடந்துகொண்டிருந்த சமயம். நான் பதினொன்றாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கும் டீச்சர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

அப்போது கல்யாணமாகி ஏழு வருடம். கணவருக்கு விவசாயம், சொந்த டிராக்டர். முதல் மூன்று வருடம் எங்களுக்குள் எந்தக் குறையும் இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக என்னைத் தொடுவதை விட்டார். தலைவலி என்பார், அசதி என்பார். தண்ணீர் பாய்ச்சுகிற சாக்கில் மோட்டார் கொட்டகையிலேயே படுத்துக்கொள்வார். வாரம் இரண்டு தடவை சவரம் செய்தவருக்கு மாதம் ஒரு தடவையே போதும் என்று ஆனது. பக்கத்தில் போய் காபி டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்பேன். அங்கே ஆளே இல்லாத மாதிரி உட்கார்ந்திருப்பார். அதுதான் என்னை அதிகம் வாட்டியது. குழந்தை இல்லை என்ற பேச்சோ என் தலையில்தான் விழுந்தது. வேறு யாரோ இருக்கிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த நடவில் சேற்றுழவு ஓட்டிக்கொண்டிருந்தவர், டிராக்டரோடு பக்கத்து வயல்காரரின் நாற்றங்காலில் ஏறிவிட்டார். பாதி நாற்று நாசம். காலையிலேயே குடித்துவிட்டு ஓட்டினார் என்று ஊரே பேசியது. அவர் குடிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. நன்றாகப் படட்டும் என்று இருந்தேன்.

சாயங்காலம் வயல்காரரும் கணவரின் அண்ணனும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். அழிந்த நாற்றுக்கு எங்கள் நாற்றைக் கொடுப்பது என்று முடிவானது. அத்தோடு விட்டிருக்கலாம்.

“ஏன்டா, ஒனக்கு என்னதான்டா ஆச்சு?” என்று அண்ணன் கேட்டார்.

“வரப்பு தெரியலண்ணே” என்றார் இவர்.

“வரப்பு மட்டுமா தெரியல? பக்கத்துல பொண்டாட்டி நிக்கிறதும்தான் தெரியல. ஆம்பளையா இருந்தாத்தானே தெரியும்!”

சொன்னது நான்தான். கணவர் முகத்தை முழுசாகத் திருப்பி, நான் எங்கே நிற்கிறேன் என்று தேடினார். அந்தத் தேடல்கூட எனக்கு நடிப்பாகத்தான் பட்டது.

அடுத்த வாரம் வகுப்பில் பிட்யூட்டரி பாடம். பெண்களுக்குப் பால் சுரக்க வைப்பது புரோலாக்டின் என்று போர்டில் எழுதினேன். ஒரு பெண் எழுந்து, “ஆம்பளைங்களுக்கும் அது சுரக்குமா டீச்சர்? கூடிப்போனா என்ன ஆகும்?” என்றாள். “பரீட்சைக்கு வராது, உக்காரும்மா” என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

புரட்டாசியில் அவருக்கு எதிரில் இருப்பதும் மங்கியது. தஞ்சாவூருக்கு அழைத்துப்போனோம். மூளைக்கு அடியில், அந்தப் பிட்யூட்டரியில்தான் கட்டி. அது புரோலாக்டினைக் கண்டபடி சுரக்க, ஆண் ஹார்மோன் குறைந்து, ஆசை, தாடி எல்லாம் போயிருக்கிறது. வளர்ந்த கட்டி கண் நரம்பை அழுத்தியதில் முதலில் பக்கவாட்டுப் பார்வை போயிருக்கிறது.

“மாத்திரையிலயே கட்டி சுருங்கிடும்மா. இந்தக் கண்ணுக்குத்தான் ரொம்ப லேட்டா வந்துட்டீங்க” என்றார் டாக்டர். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். டீச்சர் என்றேன். என்ன பாடம் என்று சொல்ல நா எழவில்லை.

கட்டி சுருங்கிவிட்டது. தாடி பழையபடி முளைக்கிறது. நான்தான் சவரம் செய்துவிடுகிறேன். ரத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது, குழந்தைக்கும் தடையில்லை என்கிறார்கள். கண் மட்டும் வரவில்லை. வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம்.

ஒரு நாள் சவரம் முடிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மெதுவாக விலக்கினார். “வேணாம்மா. அன்னிக்கு நீ சொன்னபடியே இருந்துட்டுப் போறேன்” என்றார். அதில் கோபம்கூட இல்லை.

இப்போது ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடத்தில், யாரும் கேட்காமலே அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். வீட்டுக்கு வந்தால் அதனால் ஒன்றும் மாறியிருப்பதில்லை. முன்பு அவர் என்னைத் தொடாமல் இருந்ததற்கு அந்தக் கட்டி காரணம். இப்போது காரணம் நான்தான், இதற்கு எந்த டாக்டரிடம் போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.