முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு தட்டு

தேயிலை விலை சரிந்த இரண்டாம் வருஷம், வெள்ளிப்பாறை எஸ்டேட் ஆபீசில் ஐந்து பேர் இருந்த இடத்தில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் வாட்ச்மேன். மற்றவர் தட்டச்சர் ராஜகுமாரி.

அவளை வைத்துக்கொண்டார்களே தவிர அவளுடைய டைப்ரைட்டரை வைத்துக்கொள்ளவில்லை. பதினோரு வருஷம் அவள் தட்டிய அந்தக் கனத்த இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனான். அனுப்பியவர் பிரசாத். முதலாளி குடும்பத்துப் பிள்ளை. செலவைக் குறைக்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். அவர் குறைத்த முதல் செலவு, கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்குக் கொடுத்த பால்.

"டைப்ரைட்டர் எல்லாம் போன நூற்றாண்டு, ராஜகுமாரி. இதுல அடிங்க" என்று சொல்லி, பையிலிருந்து இரண்டு பொருட்களை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று உள்ளங்கையில் அடங்கும் ஆர்கனைசர், குறிப்புகளைச் சேர்த்துவைக்கும் குட்டி மிஷின். மற்றது நாலாக மடித்த கீபோர்டு, சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. விரித்தால் டக்கென்று நாலு துண்டும் சேர்ந்து முழு கீபோர்டாகிவிடும். அதன் தலையில் ஆர்கனைசரைச் செருகி நிறுத்திவிட்டால் தட்ட ஆரம்பிக்கலாம். மடியில் வைத்து மட்டும் அடிக்க முடியாது, நடுவில் தொய்ந்து மடங்கும். அடியில் பலகை வேண்டும்.

ராஜகுமாரி பத்தே நிமிஷத்தில் பழகிவிட்டாள். இலங்கையில் ஒரு மலைத்தோட்டத்தில் பிறந்து, ஏழு வயதில் ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கி, கோத்தகிரிப் பக்கம் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில் வளர்ந்தவள். அம்மா கருப்பம்மா கொழுந்து பறித்த கூலியில் அவளை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு அனுப்பினாள். லோயர், ஹையர் இரண்டிலும் முதல் வகுப்பு. அங்கே சொல்லிக்கொடுத்த சட்டங்கள் அவள் விரலில் ஏறி உட்கார்ந்திருந்தன. கமாவுக்குப் பிறகு இடைவெளிக்காக ஸ்பேஸ் பாரில் ஒரு தட்டு, முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு தட்டு. ஒரு தட்டு குறைந்தால் பரீட்சையில் மதிப்பெண் போகும். பரீட்சை முடிந்து பதினைந்து வருஷம் ஆகியும் விரல் அதை விடவில்லை.

அந்த மாதம் மேல் டிவிஷனை மூடப்போவதாகச் செய்தி வந்தது. பறிக்க ஆளில்லாமல் செடிகள் அங்கே மரமாகிக்கொண்டிருந்தன. செடி போகட்டும், அங்கே நாற்பத்திரண்டு வீடுகள் இருந்தன. கருப்பம்மாவின் வீடும் அதில் ஒன்று. வேலை நின்றால் வீடும் போகுமா என்பதுதான் எல்லோருக்கும் ஒரே கேள்வி.

பெரட்டுக்களத்தில் கூட்டம் போட்டார்கள். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்த மைதானத்தில், பழைய தேயிலைப் பெட்டியின் மூடியை முழங்காலில் வைத்து, அதன் மேல் கீபோர்டை விரித்து உட்கார்ந்தாள் ராஜகுமாரி.

"என்னடி ராஜி, ஆர்மோனியமா? ஒரு பாட்டு வாசி" என்றாள் பக்கத்து லயத்து ராக்கம்மா.

"உங்க ஒப்பாரியத்தான் எழுதப்போறேன், அத்தை. மெதுவாப் பேசுங்க."

சங்கத் தலைவர் தனசிங் எழுந்து நேராகக் கேட்டார். "வேலைய நிறுத்துறீங்க. சரிங்க. ஊட்ட என்ன பண்ணுவீங்க?"

பிரசாத் நூற்றைம்பது முகங்களைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "யாரையும் வீட்டை விட்டுக் கிளப்பமாட்டோங்க. வேற வேலை கிடைக்கிற வரைக்கும் அங்கேயே இருந்துக்கலாம். தண்ணியும் நிறுத்த மாட்டோம்."

ராஜகுமாரி வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டினாள். தனசிங் கேட்டதற்காக அதைத் தமிழில் சத்தமாகச் சொல்லியும் காட்டினாள். அவர் கையெழுத்துப் போடத் தாள் கேட்டபோது, "பிரிண்ட் எடுத்து அனுப்பறேன்" என்றார் பிரசாத். அன்றே ஆர்கனைசரை ஆபீஸ் கம்ப்யூட்டரின் பக்கத்தில் இருந்த தொட்டில் போன்ற தாங்கியில் வைத்து, ஒரு பொத்தானை அழுத்திக் குறிப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார். பிறகு, டிவிஷனை மூடுவது பற்றிக் குன்னூரில் தொழிலாளர் அதிகாரி முன்னால் நடக்கப்போகும் விசாரணையிலும் குறிப்பெடுக்கச் சொல்லி ஆர்கனைசரை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரோடு கோயம்புத்தூர் இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆர்கனைசரைத் திறந்தபோது பேட்டரி தீரப்போகிறது என்று அது எச்சரித்தது. லயத்தில் இதற்கு வைத்தியம் எல்லோருக்கும் தெரியும். டார்ச்சு மங்கினால் பேட்டரிக்கட்டையை எடுத்து வெயிலில் காயவைப்பார்கள். வெயில் எட்டிப்பார்க்காத மாதங்களில் அடுப்புத்திட்டு. சூடு ஏறினால் இன்னும் ரெண்டு நாள் எரியும். கருப்பம்மாவின் ரேடியோ அப்படித்தான் ஒரு கட்டையில் ஒரு மழைக்காலத்தையே தாண்டும். ராஜகுமாரி இரண்டு சின்னக் கட்டைகளையும் கழற்றி அடுப்போரம் வைத்தாள். அரை மணி கழித்து மறுபடி உள்ளே போட்டாள்.

ஆர்கனைசர் உயிர் பெற்றது. அன்றுதான் பிறந்த குழந்தைபோல, இன்றைக்கு என்ன தேதி என்று அவளிடம் கேட்டது. கூட்டத்தின் குறிப்பு இல்லை. எதுவுமே இல்லை.

"கட்டைய எடுத்தா மறந்துருமா? அப்புறம் அதென்ன பெரிய மிஷினு" என்றாள் கருப்பம்மா. "நம்ம ரேடியோ கட்டைய எடுத்தாலும் ஸ்டேசன மறக்கல்லயே."

ராஜகுமாரிக்கு மூடி மறைக்கத் தோன்றவில்லை. கோத்தகிரி பஜாருக்கு இறங்கி, தன் கைக்காசில் புதுக் கட்டை வாங்கிப் போட்டுவிட்டு, பூத்திலிருந்து பிரசாத்துக்குப் போன் செய்து நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

அவர் சிரித்தார். "அதுக்கு எதுக்கு அழறீங்க? கம்ப்யூட்டர்ல காப்பி இருக்கு. நான் பிரிண்ட் எடுத்துட்டு வந்தர்றேன்." கொஞ்சம் நிறுத்தி, "அப்ப உங்க கிட்ட ஒண்ணுமே இல்லீங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே இல்லீங்க சார்."

அந்தக் கேள்வியை அவர் எதற்குக் கேட்டார் என்பது வெள்ளிக்கிழமை குன்னூரில்தான் தெரிந்தது.

விசாரணை அறையில் அதிகாரி, அவருடைய கிளார்க் கனகமணி, பிரசாத், தனசிங், மூலையில் கீபோர்டோடு ராஜகுமாரி. வெளியே வராந்தாவில் லயத்துப் பெண்கள். பிரசாத் இரண்டு பக்கத் தாளை நீட்டினார். அதிகாரி ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் சொன்னார். "‘தொழிலாளர்கள் மார்ச் முப்பத்தொன்று வரை வீட்டில் இருக்கலாம். அதன்பின் வீடுகளைக் காலி செய்து தர வேண்டும்.’ இதைத்தானே ஒத்துக்கிட்டீங்க?"

"இல்லீங்க" என்றார் தனசிங். "வேற வேலை கிடைக்கிற வரைக்கும்னு சொன்னாருங்க. அம்புட்டு சனமும் கேட்டுச்சு."

"கேட்டது வேற, எழுதுனது வேறங்க" என்றார் பிரசாத். "எழுதுனது உங்க லயத்துப் பொண்ணுதான். அடியில பாருங்க, ஆர்.கே.ன்னு அவங்க பேர் இருக்கு."

தனசிங் திரும்பி ராஜகுமாரியைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. வராந்தாவில் ராக்கம்மா யாரிடமோ முணுமுணுத்தது கேட்டது: "ஆபீஸ் சோறு அப்பிடித்தான் பேசும்."

அவளுக்கு முகம் எரிந்தது. தப்பு செய்தோம் என்று ஓடிப்போய் ஒப்புக்கொண்டாளே, அவளிடம் ஒன்றுமில்லை என்று தெரிந்த துணிச்சலில் பிரசாத் தாளையே மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான். அம்மாவைத் தெருவில் நிறுத்தும் தாளில் மகளின் பெயர். பதினோரு வருஷத்தில் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவள் எழுந்தாள்.

"சார், அந்தத் தாளை நான் ஒருக்காப் பாக்கலாமுங்களா?"

"நீங்க குறிப்பெடுங்க" என்றார் பிரசாத்.

"எம் பேர் போட்ட தாளுங்க" என்றாள் ராஜகுமாரி.

அதிகாரி கொடுத்தார். அவள் படிக்கவில்லை. வார்த்தைகளை விட்டுவிட்டு, வார்த்தைகளுக்கு நடுவில் இருந்த வெள்ளையை மட்டும் பார்த்தாள். முதல் பக்கம் சரி. இரண்டாம் பக்கத்தில் ஆறாவது வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

"இந்த ரெண்டு வாக்கியமும் நான் அடிச்சதில்லீங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"நான் முற்றுப்புள்ளி வச்சா ரெண்டு தட்டு தட்டுவேனுங்க. தூக்கத்துல அடிச்சாலும் ரெண்டுதான். இங்க மார்ச் முப்பத்தொண்ணு வாக்கியத்துப் புள்ளிக்குப் பின்னால ஒரு தட்டு. அடுத்ததுக்கும் ஒண்ணு. மத்த எல்லா இடத்திலயும் ரெண்டு. நீங்களே எண்ணிப் பாருங்க."

பிரசாத் சிரித்தார். "இதெல்லாம் ஒரு சாட்சியா?"

கனகமணி அதற்குள் ஸ்கேலை எடுத்துவிட்டாள். அவளும் தாராபுரத்தில் ஏதோ ஒரு இன்ஸ்டிட்யூட்டில் விரல் வீங்க ஹையர் பாஸ் செய்தவள். தாளின் மேல் குனிந்து ஒவ்வொரு புள்ளியாக வைத்து அளந்தாள்.

"மொத்தம் முப்பத்து மூணு புள்ளிங்க சார். முப்பத்தொண்ணுல ரெண்டு ரெண்டு. இந்தம்மா காட்டுன ரெண்டுல மட்டும் ஒண்ணு." நிமிர்ந்து பிரசாத்தைப் பார்த்தாள். "எங்க வாத்தியாரா இருந்தா உங்களுக்கு நாலு மார்க் போயிருக்குமுங்க."

அதிகாரி தாளை வாங்கி அதன் மேல் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "இதை நான் ஏத்துக்க முடியாது. அந்தக் கம்ப்யூட்டரை அடுத்த விசாரணைக்குக் கொண்டு வாங்க. அதுவரைக்கும் ஒரு வீட்டைக்கூடத் தொடக்கூடாது." பிறகு கனகமணியிடம், "இந்தம்மா அன்னிக்குக் கூட்டத்துல காதால என்ன கேட்டாங்கன்னு கையால எழுதிக்கோங்க" என்றார்.

ராஜகுமாரி சொன்னாள். கனகமணி எழுதினாள். தனசிங் கையெழுத்துப் போட்டுவிட்டு, ராஜகுமாரிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் பிரசாத் கையை நீட்டினார். "மிஷினக் கொடுங்க. திங்கட்கிழமை நீங்க வர வேண்டாம். லெட்டர் வரும்."

அந்த லெட்டரை யார் அடிப்பது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. எஸ்டேட்டில் வேறு தட்டச்சர் கிடையாது. வாட்ச்மேன்தான் அடிக்க வேண்டும்.

கீபோர்டை நாலாக மடித்துக் கொடுத்தாள். ஆர்கனைசரின் முதுகுப்புறத்தைத் திறந்து, இரண்டு கட்டைகளையும் உருவித் தன் பர்சில் போட்டுக்கொண்டாள்.

"ஏங்க, அதை எடுத்தா உள்ள இருக்கறதெல்லாம் போயிரும்."

"தெரியுங்க சார். ஆனா கட்டை எங்க ஊட்டுது" என்றாள் ராஜகுமாரி. "உங்களுக்கென்னங்க, எப்பவும் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி இருக்குமுங்களே."

ராக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். அம்மாவின் ரேடியோவுக்கு இந்தச் சின்னக் கட்டை பொருந்தாதுதான். பொருந்தாவிட்டால் போகிறது, அவனிடம் விட்டுவிட்டு வர அவளுக்கு மனசில்லை.