அப்பாவின் காதில் மாமாவின் போன்

அந்த இயர்பட்ஸ் பெட்டியைச் சுவரில் எறியாமல் நான் கையை அடக்கிக்கொண்டதற்கு ஒரே காரணம், அது பலகைச் சுவர். அந்தப் பக்கம் வாசலில் கூடாரம் போட்டு, மாப்பிள்ளை வீட்டாருக்காக நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ரஹாங்கிலிருந்து அவர்களுடைய காடிகள், கார்கள்தான், கிளம்பிவிட்டன என்று செய்தி வந்துவிட்டது. அன்று என் தங்கைக்குப் பரிசம்.

உள்ளறைக் கட்டிலின் ஓரத்தில் அப்பா புது வேட்டியில் உட்கார்ந்திருந்தார். இடது காதில் வெள்ளையாக ஒரு குமிழ். மடியில் அவருடைய ஹேண்ட்போன். திரையில் மறுபடியும் மறுபடியும் ஒரே பதில்: இணைக்க முடியவில்லை.

"கேக்குதாப்பா?"

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா லிங்கிப் பக்கம் ஒரு தோட்டத்தில் புல் வெட்டுகிறார். எண்ணெய் எடுக்கிற செம்பனை வரிசைகளுக்கு நடுவே, மெஷினை முதுகில் சுமந்துகொண்டு, காதை ஒட்டி எஞ்சின் அலற, விடிந்ததிலிருந்து மதியம்வரை. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அவருக்குக் கேட்பது குறைந்துவிட்டது. அதை மறைக்க அவர் கண்டுபிடித்த வழிதான் தலையாட்டுவது. கல்யாண வீட்டில் யாராவது "உடம்பு எப்படி இருக்கு?" என்றால் "சாப்டாச்சு, சாப்டாச்சு" என்பார். ஒருமுறை வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் என்னவோ கேட்டிருக்கிறார், இவர் ஆட்டியிருக்கிறார். அந்த மழைக்காலம் முழுக்க, மற்றவர்கள் போகமாட்டேன் என்று சொன்ன மேட்டுக்காட்டில் வழுக்கி விழுந்து விழுந்து வெட்டினார்.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். "காது மெஷின் மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா, செவிடன் பொண்ணும்பானுங்க. ரத்தத்துல இருக்கான்னு கேப்பானுங்க. தங்கச்சிக்குக் கல்யாணம் ஆவட்டும், பெறகு பாக்கலாம் லா."

அதனால்தான் எனக்கு இந்த யோசனை வந்தது. போனைப் பேசுகிறவர் பக்கத்தில் வைத்தால், அங்கே பேசுவதை எடுத்து இயர்பட்ஸ் வழியாகக் காதில் பெரிதாகச் சொல்லும் ஒரு செயலி இருக்கிறது. இந்தக் காலத்தில் பொடியன்கள் எல்லாருமே காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். செவிடர் என்று யாருக்கும் தோன்றாது. வாங்கி வந்து மாட்டிவிட்ட அன்று, அடுப்பில் அம்மா தாளித்ததைக் கேட்டு அப்பா துள்ளி எழுந்தார். "என்னாடா வெடிக்குது?" கடுகு.

தங்கை சிரம்பானில் தாதியர் பயிற்சியில் இருக்கிறாள். இன்னும் ஒரு வருடம் பாக்கி. மாப்பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனுடைய பெரியப்பாதான் தை மாதமே கல்யாணத்தை வைத்துவிட வேண்டும் என்று சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாள் தங்கை அப்பாவின் காதருகே குனிந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "என் படிப்பு முடிஞ்சாத்தான் கல்யாணம். நீங்கதான் சொல்லணும். அவங்க பேசறதக் கேக்காம தலைய ஆட்டிறாதீங்கப்பா." அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றார். அதுவும் தலையாட்டல்தான். ஆனால் அவளுக்கு அது வாக்கு.

ஏன் நீயே பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டிலேயே முதன்முதலில் டிப்ளோமா வாங்கியவன் நான். தோட்டத்தில் யாருடைய போன் நின்றுபோனாலும், நிரப்பச் சொல்லி எந்த அரசாங்கப் பாரம் வந்தாலும், "படிச்ச புள்ளகிட்ட காட்டு" என்று என் வாசலுக்குத்தான் வருவார்கள். ஆனால் பரிசப் பாயில் உட்கார்ந்து, கல்யாணமாகாத நான் வாயைத் திறந்தால், "ஏன், இந்த வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?" என்ற ஒரு கேள்வியோடு என் படிப்பெல்லாம் முடிந்துவிடும். பெண்ணைப் பெற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் காது வேலை செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

அது வேலை செய்யவில்லை. போனை அணைத்துப் போட்டேன். இயர்பட்ஸின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி தேடினேன், வரவே இல்லை. பெட்டியில் வைத்து மூடித் திறந்தேன். சார்ஜ் நிறைய இருந்தது. உள்ளே இருக்கும் செப்புப் புள்ளிகளை வேட்டி முனையால் துடைத்தேன். கூட வந்த தாளில் மலாய் என்ற பெயரில் யாரோ எழுதியிருந்ததைப் படித்து, குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியில் பொத்தான் இருக்கும் என்று போட்டிருந்தது. என்னுடைய பெட்டியில் பொத்தானே இல்லை. எழுதியவன் கையில் கிடைத்தால் பாயில் உட்கார வைத்து அவனையே பேசச் சொல்லியிருப்பேன்.

"என்னாப்பா பண்ணீங்க இத? நேத்து எங்க வச்சீங்க? மழைல நனைஞ்சிதா?" கத்தினேன். கத்தினால்தான் அவருக்குக் கேட்கும் என்பதால் மட்டுமில்லை.

அப்பா திடீரென்று கழுத்தைச் சாய்த்து, காதைப் பொத்திக்கொண்டார்.

"யாரோ பேசறாண்டா."

"யாருப்பா?"

"தெரியல. மீன் புடிக்கறதப் பத்திப் பேசறான். தூண்டில்ல எறா மாட்டணுமாம்."

என் கையில் இருந்த அவருடைய போன் வெறுமனே கிடந்தது. அதில் மீனும் இல்லை, தூண்டிலும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது கெட்டுப்போகவில்லை. பெட்டியைத் திறந்த நொடியே வேறு யாருடைய போனோடோ போய் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. அதனால்தான் நான் தேடும்போது கண்ணில் படுவதே இல்லை.

கூடாரத்துக்கு வந்தேன். முன்வரிசையில் மாமா, அம்மாவின் தம்பி, அப்பாவோடு அதே கேங்கில் மெஷின் தூக்குகிறவர், தன் போனைத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். திரையில் ஒருவன் ஆற்றங்கரையில் நின்று வாயசைத்துக்கொண்டிருந்தான்.

"என்னா லா இது, சத்தமே வரல," என்றார் என்னைப் பார்த்து. சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "காது மொத்தமா போயிருச்சோன்னு நெனச்சேன்டா."

போனைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். அப்பாவின் இயர்பட்ஸின் பெயர் அதில் நீல நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது.

"மாமா, இது எப்படி உங்க போன்ல வந்துச்சு?"

"அப்பாதான் குடுத்தாரு. காட்டுல பசியாறப்ப ஒக்காந்து ஆளுக்குக் கொஞ்ச நேரம் போட்டுப் பாப்போம். உன் கூட்டாளி ஒருத்தன் அந்த ஆப்ப எங்க போன்ல போட்டுக் குடுத்தான். அலாமாக், குருவி கத்துறது கேட்டுச்சிடா!"

"ஆளுக்குன்னா? யாரு யாரு?"

மாமா பின்வரிசையைக் காட்டினார். அங்கே கேங்கிலிருந்து இன்னும் மூன்று பேர், துவைத்து மடித்த சட்டைகளோடு, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கேட்காமலேயே ஒருவர் கையைத் தூக்கினார். "எனக்கு வலது காதுலதாம்பா நல்லா கேட்டுச்சு. இடது வேஸ்ட்டு." அடுத்தவர் "எனக்கு ரெண்டும் வேஸ்ட்டு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அப்பா ஒருவருக்குத்தான் கேட்காது, வயசு, அவருடைய தலையெழுத்து என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மெஷின் தூக்குகிற கேங் முழுக்கச் செவிடாகியிருக்கிறது, ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டே.

"காதுமூடி குடுக்க மாட்டாங்களா?" என்றேன்.

"குடுப்பாங்களே," என்றார் மாமா. "ஆடிட்டுக்கு ஆளுங்க வர்ற அன்னிக்கு. புதுசு, மஞ்சக் கலர்ல. மாட்டிக்கிட்டு வரிசையா நின்னு போட்டோ எடுப்போம். சாயங்காலம் மண்டோரு எண்ணி வாங்கி ஸ்டோர்ல பூட்டிருவாரு. அழுக்காயிருமாம்."

அதற்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு வந்த கோபத்தை இன்றுவரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மண்டோர் மேல், ஸ்டோர் பூட்டின் மேல், அந்தப் படத்தைப் பார்த்து முத்திரை குத்திவிட்டுப் போனவர்கள் மேல், பிளாஸ்டிக் உறை கிழியாமல் அலமாரியில் தூங்கும் மஞ்சள் காதுமூடிகள் மேல். போட்டோவில் அப்பாவும் நின்றிருப்பார். யாராவது "வசதியா இருக்கா?" என்று கேட்டிருப்பார்கள். ஆட்டியிருப்பார்.

கோபப்பட நேரமில்லை. செம்மண் சாலையில் முதல் காடி திரும்பிவிட்டது.

மாமாவின் போனில் புளூடூத்தை அணைத்துவிட்டு உள்ளே ஓடினேன். இப்போது அது அடுத்தவருடைய போனைப் பிடித்துக்கொண்டது. வெளியே ஓடி அதை அணைத்தேன், அதற்கடுத்தவருடையது. ஏறி இறங்கி, வாசலுக்கும் அறைக்கும் நடுவே நான் படும் பாட்டை மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டுகளோடு இறங்கியபடியே பார்த்தார்கள். கடைசி ஆளின் போன் பூட்டியிருந்தது. அவர் அதற்குள் எழுந்துபோய் விருந்தாளிகளுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், நம்பரு! போன் தொறக்கற நம்பரு!" என்று நான் கையால் சைகை காட்டினேன்.

"ஒண்ணு ரெண்டு மூணு நாலுடா!" என்று கூடாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

அதையும் அணைத்துவிட்டு உள்ளே ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியை மூடித் திறந்தேன். அப்பாவின் போனில் பெயர் வந்தது. தொட்டேன். சேர்ந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டு, "கேக்குதாப்பா?" என்று முணுமுணுத்தேன்.

"கேக்குது. கோச்சிக்காதடா," என்றார்.

பாயில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். வெற்றிலைத் தட்டை நகர்த்துவது போல் நகர்த்தி, போனை அதன் பக்கத்தில், பெரியப்பாவை நோக்கி வைத்தேன். ஏதோ முக்கியமான அழைப்புக்குக் காத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளட்டும். தங்கை அறைக் கதவின் இடுக்கில் நின்றிருந்தாள். அவள் முகம் தெரியவில்லை, விரல்கள் மட்டும் கதவைப் பிடித்திருந்தது தெரிந்தது.

பெரியப்பா பேசத் தெரிந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். குலம், கோயில், உறவுமுறை என்று இதமாகச் சொல்லிக்கொண்டே வந்து, அதே குரலில், வெற்றிலையைத் தடவியபடி, "நல்ல காரியத்தத் தள்ளிப் போடக்கூடாது. தையிலயே வச்சிக்கலாம். படிப்பு எங்க ஓடிறப்போவுது, வசதிப்பட்டா பெறகு படிச்சிக்கட்டும். என்னா சம்பந்தி, சரிதானே?" என்றார்.

அப்பாவின் தலை வழக்கம்போல் லேசாக அசையத் தொடங்கியது. பாதியில் நின்றது. காதிலிருந்த குமிழை விரலால் அழுத்திக்கொண்டார்.

"அதெல்லாம் முடியாது!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். தன் குரல் எவ்வளவு பெரியது என்பது அப்பாவுக்குத் தெரியாது. காட்டில் எஞ்சினுக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய குரல் அது.

"எம்பொண்ணு படிச்சி முடிக்கணும்! முடிச்சிட்டுத்தான் கல்யாணம்! ஒரு வருஷம் பொறுக்க முடிஞ்சா தட்ட மாத்துங்க! முடியாட்டி சாப்டுட்டுப் போங்க!"

பெரியப்பா மெதுவாகச் சொன்னது பின்வரிசையில் இருந்த ஒருவருக்கும் கேட்டிருக்காது. அப்பா சொன்னது கேட்டது. "அப்படிச் சொல்லு மச்சான்!" என்றார் மாமா. மற்ற மூவரும் தலையை ஆட்டினார்கள், இந்த முறை கேட்டுவிட்டு.

பெரியப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. அருகில் போய் "அவரு கோவத்துல சொல்லலிங்க, அவரு பேச்சே அப்படித்தான்" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் யாரிடமாவது கோபப்பட்டதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை குனிந்து தன் அம்மாவிடம் என்னவோ சொன்னான். அந்த அம்மா, "சரிங்க, சரிங்க. புள்ள படிச்சி முடிக்கட்டும். அடுத்த வருசமே வச்சிக்கலாம்," என்று தட்டைத் தூக்கினார். கதவிடுக்கில் இருந்த விரல்கள் மறைந்தன. உள்ளே ஏதோ விழுந்து உருண்ட சத்தம். அப்பா அதற்கும் திரும்பிப் பார்த்தார்.

சாப்பிட்டுவிட்டுக் குழாயடியில் கை கழுவும்போது பெரியப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். பாயில் இருந்த இனிமை கொஞ்சம் திரும்பியிருந்தது.

"அப்பாவுக்குக் கோவம் ரொம்ப வருமோ தம்பி?"

"ஆமாங்க," என்றேன். "வரும்."