அழைப்பின் பின்பாதி

திருப்பதி பேருந்து நிலையத்தின் பின்தெருவில், யாத்திரிகர்களுக்கு வேன் அனுப்பும் நிறுவனம் ஒன்றில், அம்சவேணிக்கு ஒரு மேசையும் மூன்று கைபேசிகளும் தரப்பட்டிருந்தன. நாற்காலியும் உண்டு, அதில் அவள் அமர்ந்து பார்த்தவர்கள் குறைவு. இருபத்திரண்டு வண்டிகளுள் காணிப்பாக்கத்துக்கு எது, திருமலைக்கு எது, சித்தூருக்கு எது என்று சுவரிலுள்ள வெள்ளைப் பலகையில் எழுதுவதும், அழிப்பதும், ஓட்டுநர்களின் அழைப்புகளுக்குப் பதில் கூறுவதும் அவள் வேலை. நாளொன்றுக்கு இருநூறு அழைப்புகளேனும் வரும். எதிர்முனையில் இருப்பவர் வாக்கியத்தின் நடுவை எட்டும்போதே மீதியை அவள் சொல்லி முடித்துவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே சொல்வாள். அதுவே பின்னர் வினையாயிற்று.

அவள் புத்தூரை அடுத்த சிற்றூரில், தமிழ் பேசும் உழவர் குடும்பத்தில் பிறந்தவள். நாற்பத்தோரு வயதாகிறது. நாள்தோறும் காலை ரயிலில் திருப்பதிக்கு வருகிறாள். இடம் கிடைத்தாலும் கதவருகில் நின்றே வருகிறாள். அவள் ஊர்ப்பக்கத்து மக்கள் சங்கடத்தை முதலில் சொல்லமாட்டார்கள். சாப்பாட்டை விசாரிப்பார்கள், மழையைப் பற்றிச் சொல்வார்கள், அதற்காகவே பேச வந்தவர்கள் போல ஏதேனும் ஒரு சிறு காரியத்தைக் கேட்பார்கள். விடைபெறும் இடத்தில், "அப்புறம் ஒன்னு" என்று இழுப்பார்கள். வந்தது அந்த ஒன்றுக்காகத்தான். வீட்டில் அவளும் அப்படித்தான் பேசுவாள். ஆயினும் அலுவலகத்தில், சிறு காரியத்துக்குப் பதில் சொன்ன கணமே அவளுடைய கட்டைவிரல் சிவப்புப் பொத்தானை அழுத்திவிடும்.

ஓட்டுநர்கள் அவளுக்குக் 'கட் அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இரண்டு மாதங்களில் இரண்டு ஓட்டுநர்கள் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்கள். சொல்ல வந்ததைச் சொல்ல விடவில்லை என்பதே இருவரும் கூறிய காரணம். முதலாளி நரசிம்மன் அவளை ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார். பிறர் கூறியதைத் திருப்பிச் சொல்லிப் பழகுமாறு அங்கே கற்பித்தார்கள். மறுநாளே அவள் அதைத் தொடங்கினாள்.

"டயர் பிரச்சினைன்னு சொல்ற, அதானே?" என்று நாகேந்திரன் என்னும் ஓட்டுநரிடம் கேட்டாள்.

"நான் இன்னும் அலோவே முடிக்கலியே அக்கா."

ஆவணி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலையில் நரசிம்மன் அவளது மேசைக்கே வந்தார். அவர் பேச்சில் தெலுங்கு கலந்திருக்கும்.

"ஏமம்மா, மூணாவது டிரைவரும் போனா, நீ மறுபடி டிக்கெட் கவுண்ட்டருக்குப் போய்க்கோ. இங்க வேற ஆளைப் போடறேன்."

பதினோராண்டுகளுக்கு முன் அந்தக் கவுண்ட்டரிலிருந்துதான் அவள் இந்த மேசைக்கு வந்திருந்தாள். அவர் நகர்ந்த பத்தாவது நிமிடத்தில் லோகேஸ்வரன் அழைத்தார். நாகலாபுரத்துக்காரர், வயது ஐம்பத்து மூன்று, ஓட்டுநர்களுள் மூத்தவர். அன்று அவருடைய வண்டி காணிப்பாக்கத்தில் நின்றிருந்தது.

"துன்னியாம்மா?"

"ஆச்சுண்ணா. சொல்லு."

"இங்க நல்ல கூட்டம். பார்ட்டி இப்பதான் உள்ள போய்க்கினு இருக்காங்க. சாயங்காலம் சத்தியவேடு ட்ரிப்பு எனக்கா போட்டிருக்க?"

"உனக்குத்தான். அஞ்சரைக்கு லாட்ஜாண்ட வண்டி நிக்கணும்."

"சரிம்மா. அப்புறம் ஒன்னு…"

கட்டைவிரல் முந்திக்கொண்டது.

அடுத்த அழைப்பையும் முடித்த பிறகே, தான் எதைத் துண்டித்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. திரும்ப அழைத்தாள், மணி அடித்து ஓய்ந்தது. காத்திருக்கும் நேரத்தில் கைபேசியை வண்டியிலேயே சார்ஜில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவது அவர் வழக்கம். வண்டியைக் கிளப்பிவிட்டால் அதைத் தொடவேமாட்டார். தொடக்கூடாது என்னும் விதியைப் போட்டவளும் அம்சவேணியே.

அதன் பின் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பலகையில் எழுதியதை அழித்து, அதையே மீண்டும் எழுதினாள். சித்தூர் வண்டியின் எண்ணைத் திருமலைக் கட்டத்தில் எழுதினாள். வாசலுக்கும் மேசைக்கும் நடந்தாள். போன இருவரும் இப்படி இழுத்த பிறகுதான் போனார்கள். லோகேஸ்வரன் விலகினால் அவரைப் பார்த்து இன்னும் நால்வர் விலகக்கூடும்.

"அவர் நின்னுடப் போறாருடி," என்று டிக்கெட் கவுண்ட்டரில் இருந்த ஸ்ரீதேவியிடம் சொன்னாள்.

"அவரா சொன்னாரு?"

"வேற என்ன இருக்கும்?"

"நல்லா இருக்குது. லைன்ல இல்லாத ஆளோட பேச்சையும் நீதான் முடிக்கிற."

நான்கே முக்காலுக்கு லோகேஸ்வரனின் வண்டி வந்தது. அம்சவேணி மூன்று கைபேசிகளையும் ஸ்ரீதேவியின் கையில் திணித்துவிட்டு, கீழே வண்டிகள் நிற்கும் கொட்டகைக்கு இறங்கிப் போனாள். அவர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காலைல ஏதோ சொல்ல வந்தியேண்ணா."

"அது ஒன்னும் இல்லம்மா. ஒரே சேறு, தொடச்சிக்கினு இருக்கேன்."

"ம்."

"நாகலாபுரத்துல நேத்து நல்ல மழையாம். கடலைக்கு ஆவும்."

"ம்."

மேலே கைபேசிகள் மாறி மாறி அடித்தன. லாட்ஜ் வாசலில் சத்தியவேட்டுக்காரர்கள் ஒன்பது பேர் மூட்டைகளோடு நின்றிருப்பார்கள். 'நின்னுடப் போறியா' என்னும் கேள்வி அவளது நாவின் நுனிவரை வந்தது. அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள். அவர் மகள் ரூபாவின் கல்லூரியைப் பற்றிச் சொன்னார். ஏசி சரியாகக் குளிரவில்லை என்றார். அதற்கும் 'ம்' என்றாள்.

அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"இன்னிக்கு என்னாம்மா, உனக்குப் போன் வர்லியா?"

"வருது. நீ சொல்லு."

அவர் துணியைப் பிழிந்து பானெட்டின் மேல் விரித்தார்.

"அப்புறம் ஒன்னும்மா. பொழுது சாஞ்சா எதுக்கால வர்ற வண்டி லைட்டு அப்படியே விரிஞ்சிக்குது. ரோடு எது, மண்ணு எதுன்னு தெரியல. சித்தூர்ல டாக்டர்கிட்ட காட்டினேன். கண்ணுல பொரை விழுந்துக்கினு இருக்குதாம். ஆபரேஷன் பண்ற வரைக்கும் இருட்டுல ஓட்டாதன்னாரு. ரெண்டு மாசமா சாயங்கால ட்ரிப்ப யார்கிட்டயாவது மாத்திக்கினு காலம் தள்றேன். இன்னிக்கு மாத்த ஆளில்ல. சொன்னா வண்டிய புடுங்கிக்குவாங்கன்னு பயம்."

நாள் முழுவதும் அவள் ஊகித்தவற்றுள் அவருடைய கண் இல்லவே இல்லை. இருந்ததெல்லாம் அவளுடைய நாற்காலிதான்.

சாவியை வாங்கிக்கொண்டு மேலே ஓடினாள். சத்தியவேடு பயணத்தை நாகேந்திரனுக்கு மாற்றினாள். சித்தூரிலிருந்து அவன் வந்து சேர ஏழு மணியாகும். வண்டி தாமதமாகும் என்று சத்தியவேட்டுக்காரர்களுக்கு அவளே அழைத்துத் தெரிவித்தாள். அந்தக் குழுவின் மூத்த பெண்மணி நான்கு நிமிடங்கள் வைதாள். அம்சவேணி குறுக்கிடவில்லை. வைது முடித்த பிறகு அந்தக் குரல் சற்று இறங்கியது.

"அப்புறம் ஒன்னும்மா. எங்க மாமியாருக்கு வாந்தி வரும். முன்சீட்டு குடுக்கச் சொல்லு."

நாகேந்திரனின் வண்டி எண்ணுக்கு எதிரே அதையும் எழுதிவைத்தாள்.

சற்று நேரத்தில் நரசிம்மன் அழைத்தார். "சத்தியவேடு ட்ரிப்பு லேட்டாமே. லோகேஸ்வரன் நின்னுட்டானா?"

"இல்ல சார். அவரு கண்ணு…"

"நிக்கலல்ல? சரே."

இணைப்பு அறுந்தது. அம்சவேணி கைபேசியை மேசையில் வைத்தாள். பிறகு அவருடைய அறைக்குப் போய், கதவருகில் நின்றபடியே, மிச்சத்தைச் சொன்னாள். அவர் இரண்டு முறை குறுக்கிட்டார். இரண்டு முறையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அறுவை முடியும்வரை லோகேஸ்வரனுக்குப் பகல் பயணங்கள் மட்டும் என்று முடிவாயிற்று. அவர் விலகவில்லை. அம்சவேணியின் மேசையும் மாறவில்லை.

இப்போது அவள் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசையின் அந்தக் கோடியில் வைக்கிறாள். ஓட்டுநர்கள்தாம் தடுமாறுகிறார்கள்.

"அக்கா, லைன்ல இருக்கியா?" என்று நேற்று நாகேந்திரன் கேட்டான்.

"இருக்கேன். அப்புறம்?"

"அப்புறம் ஒன்னுமில்லக்கா. நீ கட் பண்ணுவன்னு பாத்துக்கினு இருந்தேன். கோவமா?"

"இல்லடா. வேற எதுனா இருந்தா சொல்லு."

அவன் யோசித்தான். அவள் பலகையின் முன் நின்று, மார்க்கரின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். மற்ற இரண்டு கைபேசிகளும் அடித்துக்கொண்டிருந்தன.