கனமான மூடி

எண்பதுகளில் ஏற்காடு பஜாரில் ஜீப் பழுது பார்த்தவர் அவர். எந்தச் சாமானையும் விரலால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பொருத்துவார். எங்கள் எஸ்டேட் ஜீப்பின் பின்சக்கரங்களுக்கு நடுவே இருந்த டிபரன்சியல் என்னும் பல்சக்கரப் பெட்டியின் மூடியைப் பாறை கிழித்துவிட்டது. எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரான நான் சேலத்தில் பளபளப்பான அலுமினிய மூடி ஒன்றை வாங்கிப் போனேன்.

தட்டிப் பார்த்தார்; மெல்லிய தகரம்போல் ஒலித்தது. "இந்த வண்டில ஆருங்க போவாங்க?"

"காப்பி மூட்டைதான். அவசரத்துக்குப் பிரசவக்காரங்க."

தன் சொந்த ஜீப்பின் கனத்த இரும்பு மூடியைக் கழற்றி எங்கள் வண்டியில் மாட்டினார். "என்ற வண்டி பஜாருக்குள்ளதானுங்க ஓடுது. உங்களுத நான் போட்டுக்கறனுங்க."

அந்த மழைக்காலத்தில் மாரமங்கலத்திலிருந்து ஒரு கர்ப்பிணியை ஏற்காடு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவந்தோம். வழியில் வண்டியின் அடியில் பாறை மோதியும் மூடி தாங்கியது. பிரசவம் ஆனதும், மூடி தாங்கியதைச் சொல்ல அவரிடம் ஓடினேன்.

"கொழந்த என்னங்க, பொண்ணா பையனா?" என்றார்.

நான் கேட்காமலே வந்திருந்தேன். வெட்கத்தோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி நடந்தேன்.