காலிக் கட்டத்தின் மேல் ஒரு மின்பாதை

உயர் அழுத்த மின்பாதை எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் முடிவு செய்கிறார்கள் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. பொறியாளர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள். உண்மையில் அதை முடிவு செய்பவர், மின்பாதை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், சக்கரம் ஒன்று கழன்றுபோன நாற்காலியில் சற்றே இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாள். அலுவலகத்தில் அவருக்கு மார்க் மேடம் என்று பெயர். அவர் காதுபட யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவரும் கேட்காதது போலவே இருப்பார்.

அவர் வேலை இதுதான். வரைபடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, நேரில் போய்ப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் மார்க் போட வேண்டும். நாரை கூடு கட்டும் சதுப்பு நிலமா, ஒன்பது. பழைய இடுகாடா, அதற்கும் ஒன்பது. ஊர் கூடிப் பேசும் மைதானமா, ஆறு. வெறும் பொட்டல் என்றால் பூஜ்ஜியம். எல்லாம் போட்டு முடித்ததும் கணினி, மார்க் குறைந்த கட்டங்களாகத் தேடித் தேடி ஒரு கோடு இழுக்கும். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரான ஏற்பாடு. பூஜ்ஜியம் வாங்கியவன் தலைமேல்தான் மின்கம்பி.

இந்த ரகசியம் வெளியே கசிந்த நாளிலிருந்து, பொதுமக்களுக்குத் தங்கள் பண்பாட்டின் மீது திடீரென்று பற்று வந்துவிட்டது. மரக்கடைக்காரர் ஒருவர் தன் கடையின் பின்கட்டைக் காட்டினார்.

"எங்க தாத்தாவோட தாத்தா இங்க உட்கார்ந்துதான் யோசிப்பாராம், மேடம்."

"என்ன யோசிச்சார்?"

"அது... குடும்ப விஷயம்."

"இந்த சிமெண்ட் மேடையிலயா?"

"மேடை நான் கட்டினது. யோசனை அவரோடது."

மேடம் பூஜ்ஜியம் போட்டார். கறாரான கை. வீட்டில்கூட அவர் கணவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு "எப்படி இருக்கு?" என்று கேட்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன.

கறாரானவர்கள் தங்களுக்கே ஒரு விதி வைத்துக்கொள்வார்கள். சொந்தக்காரர் நிலத்துக்கு யாரும் தானே மார்க் போடக்கூடாது, பக்கத்தில் நிற்கவும் கூடாது என்பது அவர் எழுதிய விதி. ஊருக்கு வெளியே அவருடைய அண்ணன் செடிப் பண்ணை வைத்திருக்கிறார். புதுப் பாதைக்கான வேலை வந்தபோது, மேடம் அந்தப் பண்ணையையும் சுற்றுவட்டாரத்தையும் காலியாக விட்டுவிட்டு, "வேறு யாராவது பார்க்கவும்" என்று அலுவலகத்தில் சொல்லிவைத்தார். வேறு யாராவது என்பவர் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார். நீண்ட விடுப்பில் இருக்கிறார்.

காலிக் கட்டம் என்றால் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். பூஜ்ஜியம் என்றால் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்று அர்த்தம். கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நாரைகளையும் இடுகாடுகளையும் சுற்றி வளைந்து வளைந்து வந்த கோடு, அண்ணனின் பண்ணையைக் கண்டதும் மூச்சு வந்ததுபோல் நிமிர்ந்து நேராகப் பாய்ந்துவிட்டது.

தலைமைப் பொறியாளர் பூரித்துப்போனார். "பாருங்கம்மா, நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. இப்படி ஒரு கோடு என் சர்வீஸ்ல பார்த்ததில்லை."

மேடம் பார்த்துக்கொண்டிருந்தது கோட்டை அல்ல. பண்ணையின் மூலையில், மோட்டார் அறைக்கும் வேலிக்கும் நடுவில், அவருடைய அம்மாவைப் புதைத்த இடம் இருக்கிறது. கோடு அதற்கு நேர் மேலே போயிற்று. மற்ற ஊர்களின் ஆந்தைப் பொந்துகள் அத்தனையும் இருந்த வரைபடத்தில் அவருடைய அம்மா இல்லை.

"சார், அது காலிக் கட்டம். யாரும் போய்ப் பார்க்கலை."

"காலியா இருந்தா நல்லதுதானே?"

"அங்க எங்க அம்மா இருக்காங்க."

தலைமைப் பொறியாளர் ஒரு கணம் பதறி, "அவங்களை வேற வீட்டுக்கு மாத்திடலாமே" என்றார். மேடம் விளக்கினார். பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மேலிடத்துக்கு அனுப்புவதற்குள் யாராவது போய்ப் பார்த்து மார்க் போட்டுக்கொண்டு வரட்டும், ஆனால் விதிப்படிதான் என்றார். விதி யார் எழுதியது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

தனியாக இருக்கும் ஒரே ஒரு கல்லறைக்கு விதிப்படி இரண்டு மார்க். உறவினர்கள் விடாமல் வந்துபோகும் இடம் என்றால் ஏழு வரை போடலாம். ஏழு இருந்தால் கணினி ஒதுங்கிப் போகும். இரண்டு என்றால் கவலையே படாமல் ஏறிப்போகும்.

அன்று மாலையே அண்ணன் போன் செய்தார். பாதை போகும் உத்தேச வழியை ஊர் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்களாம்.

"ஏம்மா, உன் ஆபீஸ்ல எங்களை அடையாளம் தெரியலையா, இல்ல ரொம்ப நல்லாத் தெரிஞ்சு போச்சா?"

"அண்ணா, நான் அந்தக் கட்டத்தைத் தொடவே இல்ல."

"அதான் பிரச்சினையே."

"வேற ஒருத்தர் வருவார். என்ன கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லு."

"உள்ளது என்னன்னு நீ வந்து பார்த்தாத்தானே உனக்குத் தெரியும்?"

அண்ணன் போனை வைத்துவிட்டார். மேடம் அந்தப் பண்ணைப் பக்கம் போய் மூன்று வருடங்களுக்கு மேல் ஆகிறது. சண்டை எதுவும் கிடையாது. அடுத்த வாரம் வருகிறேன் என்று அடிக்கடி சொல்லிவந்தார், அவ்வளவுதான்.

அனுப்பப்பட்டவர் அலுவலகத்தில் பறவைக் கணக்கு எடுக்கும் பறவைக்காரர். பறவை கலைந்துவிடக் கூடாது என்று வருடக்கணக்கில் குரலைத் தாழ்த்தியே பழகியதால், சம்பள உயர்வு கேட்கும்போதும் ரகசியம் போலத்தான் கேட்பார். கிடைத்ததில்லை. அவருக்கு வழி காட்டுவதற்காக மேடமும் ஜீப்பில் போனார். ஆனால் வேலிக்கு வெளியே ஜீப்பை நிறுத்தி, அதிலேயே உட்கார்ந்துகொண்டார். அண்ணன் வேலிக்கு மேலே ஒரு டம்ளர் டீயை நீட்டினார்.

"இதைக் குடிக்கலாமா, இதுக்கும் விதி இருக்கா?"

"உறவினர்கிட்ட எதுவும் வாங்கக் கூடாது."

"அப்ப நானே குடிக்கிறேன். நீ பார்த்துக்கிட்டு இரு."

பறவைக்காரர் மோட்டார் அறையைச் சுற்றி வந்தார். கல்லறையை அளந்தார். மேலே புல் முழங்கால் உயரம் இருந்தது. பழக்கதோஷத்தில் அதில் தையல்சிட்டு ஏதும் இருக்கிறதா என்று குனிந்தும் பார்த்தார். பிறகு அண்ணனிடம் கேட்டார், வழக்கமான தாழ்ந்த குரலில்.

"சார், இங்க யார் யார் வந்து போறாங்க?"

"என்ன சார்? காதுல விழலை."

"யார் வர்றாங்க?" பறவைக்காரர் தன்னால் முடிந்த அளவு கத்தினார். ஜீப் வரை கேட்டது.

"நான் தினமும் வர்றேன்."

"மோட்டார் போடவா, அம்மாவைப் பார்க்கவா?"

அண்ணன் யோசித்தார். உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லியிருந்தாள் தங்கை. "மோட்டார் போடத்தான். ஆனா போற வழியில ரெண்டு வார்த்தை பேசுவேன்."

"அதைச் சேர்க்க முடியாது சார். நிலத்துக்காரர் வர்றது கணக்குல வராது. வெளியில இருந்து வேற யாராவது?"

மேடம் ஜீப்புக்குள் தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். மறுபடி திறந்தார்.

அண்ணன் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். டீயின் கடைசி வாயைக் குடித்தார். "என் தங்கச்சி வருவா சார்" என்றார். "வாரா வாரம். ஒரு வாரம் தப்பினது இல்ல."

பறவைக்காரரும் ஜீப்பைப் பார்த்தார். வாரம் ஏழு நாளும் மேடம் மூன்றாம் மாடியில்தான் இருப்பார் என்பது அவருக்குத் தெரியும். அரிய பறவை ஒன்று தப்பான இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர் போல் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பிறகு ஏழு போட்டார்.

கணினி மறுபடி கோடு இழுத்தது. புதுக்கோடு பண்ணைக்கு வெகுதூரம் முன்பே விலகி, பழைய கல்குவாரி வழியாகச் சுற்றிப் போயிற்று. இந்த முறை குவாரியின் ஒவ்வொரு கட்டத்தையும் மேடமே நடந்து பார்த்து, உண்மையான பூஜ்ஜியங்களைப் போட்டிருந்தார். நூல் பிடித்த கோடு போனதில் தலைமைப் பொறியாளருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மேடத்துக்கும் இறங்கவில்லை. பறவைக்காரரை மாடிப்படியில் மடக்கினார்.

"அது பொய்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

"இடத்துக்காரர் சொல்றதை மாத்தாம எழுதணும்னு நீங்கதானே விதி வெச்சீங்க?" பறவைக்காரர் இன்னும் தாழ்ந்த குரலில் தொடர்ந்தார். "வேணும்னா நீங்களே ரெண்டாக்கிடுங்க மேடம். நான் ஒண்ணும் கேட்க மாட்டேன்."

இரண்டாக்கினால் கம்பி அம்மாவின் மேல் போகும். ஏழாகவே விட்டால், அத்தனை வருடங்களில் முதல் தடவையாக அவர் வரைபடத்தில் ஒரு பொய் இருக்கும். மேடம் இரண்டு நாள் அந்தக் கட்டத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாராவது உள்ளே வந்தால் நாரைப் பக்கம் மாற்றிவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அலுவலகத்துக்கு வரவில்லை. காவலாளி உடம்பு சரியில்லையோ என்று வீட்டுக்குப் போன் செய்தார். கணவர் எடுத்து, தனக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்றார்.

பண்ணையில் அண்ணன் நாற்றுப் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, இன்னொரு லைன் வருதா?"

"இல்ல. நீ சொன்னதைச் சரிபார்க்க வந்தேன்."

"ஒரு தடவை வந்தா வாரா வாரம்னு ஆகிடுமா?"

"ஆகாது. அடுத்த வாரமும் வந்தாத்தான் கணக்கு."

"அதுக்கு அடுத்த வாரம்?"

"ஒரு வருஷம் தொடர்ந்து வந்தா ஏழு சரி."

"ஒரு வருஷம் கழிச்சு?"

அதற்கு விதி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அண்ணன் மண் கையைத் தட்டிக்கொண்டு மோட்டார் அறைக்குள் போய், ஒரு அரிவாளை எடுத்துவந்து நீட்டினார்.

"சும்மா நின்னு பார்த்தா பறவைக்காரர் மார்க் தர மாட்டார். புல்லை அறு. பார்த்து, தையல்சிட்டு இருக்கப்போகுது."

மேடம் குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தலைமாட்டிலிருந்து ஆரம்பித்தார். பாதி முடிந்தபோது அண்ணன் டீ கொண்டுவந்து வைத்தார். மேடம் எடுத்துக் குடித்தார்.

"எப்படி இருக்கு?" என்றார் அண்ணன்.

"சர்க்கரை அதிகம்" என்றார் மேடம். டம்ளரை மட்டும் காலி செய்துவிட்டார்.