டிரைவர் அக்காவின் பனிநாட்டுப் பாடம்

பிள்ளைகள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே டிரைவர் அக்கா வகுப்பறையை ஒரு சுற்று சுற்றி வந்துவிடுவார். ஆடுகிற பெஞ்சின் காலுக்கு அட்டையை மடித்துக் கொடுப்பார். ஜன்னல் கொக்கிகளை இழுத்துப் பார்ப்பார். கடைசி பெஞ்சின் இரண்டு ஓரங்களிலும் உட்கார்ந்து, அங்கிருந்து கரும்பலகை தெரிகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பார். எல்லாம் முடிந்ததும் கைத்தூசியை உதறிவிட்டு, "சரி, ஆளுங்க ஏறலாம்" என்பார். பதினொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். ஸ்டியரிங்கை விட்டாலும் பழக்கம் விடவில்லை.

நானும் அவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சி மாணவர்கள். எனக்கு இருபத்து மூன்று வயது, அவருக்கு நாற்பத்தொன்று. வேறு வேலை கிடைக்கவில்லை என்று வந்தவன் நான். அவரோ இருந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்தவர். டெப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவர் கணவர் ஒரு மாதம் பேசவில்லையாம். "அப்புறம் பசிச்சுது, பேசினாரு" என்று அக்கா சொல்வார். எதற்காக இந்த வயதில் இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன். "ஸ்கூல் பிள்ளைங்கள ஏத்தி ஏத்தி வாசல்ல இறக்கி விட்டுட்டே இருந்தேன் தம்பி. உள்ள போயி என்னதான் பண்றாங்கன்னு பாக்கணும்ல?" என்றார்.

எங்களுக்கு 'உலகமும் வகுப்பறையும்' என்று ஒரு பாடம் உண்டு. அது நடக்கும் கணினி அறையில் ஏசி இருந்ததால் நான் அதைத் தேர்ந்தெடுத்தேன். அந்தப் பாடத்தில் ஒவ்வொருவருக்கும் வெளிநாட்டுப் பயிற்சி ஆசிரியர் ஒருவரை ஜோடி சேர்த்துவிடுவார்கள். வாரத்துக்கு ஒருமுறை திரையில் பேச வேண்டும். என் ஜோடி மூன்றாவது வாரமே காணாமல் போனான், நானும் தேடவில்லை. அக்காவுக்கு வாய்த்தவள் வருடத்தில் பாதி நாள் பனி மூடிக்கிடக்கும் ஒரு நாட்டுக்காரி. இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலமும் நான்கு கைகளும்தான். அதை வைத்துக்கொண்டு மாமியார், மூட்டுவலி, பிள்ளைகளின் கணக்குப் பாடம் வரை போய்விட்டார்கள்.

செமஸ்டரின் நடுவில் ஒரு பயிற்சி வந்தது. ஜோடியின் நாட்டைப் பற்றி நீ ஒரு பக்கம் பாடம் எழுத வேண்டும், உன் நாட்டைப் பற்றி அவள் எழுதுவாள். பிறகு மாற்றித் திருத்த வேண்டும். அக்கா நம் எட்டாம் வகுப்புப் பாடநூலைப் பார்த்து எழுதினார்: 'பனிநாட்டு மக்கள் கடுங்குளிரால் துன்புற்று, வெளியுலகத் தொடர்பின்றி எளிய வாழ்க்கை வாழ்கின்றனர்.' அது சிவப்பு மையில் திரும்பி வந்தது. 'குளிருக்கு எங்களிடம் கோட்டு இருக்கிறது. துன்பம் என்று என் மாமியாரைச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன்.' அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்து அவள் எழுதியதைத் திறந்தார். 'இந்நாட்டுப் பெண்கள் தினமும் தலையில் பானை சுமந்து நெடுந்தூரம் நடந்து நீர் கொண்டு வருகிறார்கள். இங்கு வாகனங்கள் அரிது.' சிரிப்பு நின்றுபோனது. "வாகனம் அரிதாம். காலையில எட்டரை மணிக்கு நாப்பத்தேழாம் நம்பர் பஸ்ஸ அவள ஒரு ட்ரிப் ஓட்டச் சொல்லு, பாப்போம்." பொருமிக்கொண்டே மூன்று பக்கம் மறுப்பு எழுதினார். எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென்று பேனாவை மூடினார். "அவளும் புத்தகத்தப் பாத்துதானே எழுதியிருப்பா" என்றார் என்னிடம். எழுதியதை அனுப்பாமல் மடித்துப் பைக்குள் வைத்தார். எந்தப் பாடமும் என்னை அப்படி ஒருமுறைகூட நிறுத்தி யோசிக்க வைத்ததில்லை என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

வம்பு அங்கேதான் தொடங்கியது. இறுதிப் பயிற்சிக்காக எங்களை அனுப்பிய பள்ளியில், எட்டாம் வகுப்பில் அவருக்குக் கிடைத்ததே பனிநாட்டுப் பாடம். தேர்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அக்கா பாடநூலைத் தூக்கிக் காட்டி, "இதுல இருக்கறது தப்பு" என்று ஆரம்பித்து நாற்பது நிமிடம் பொரிந்து தள்ளினார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அடுத்த வாரம் மாதத் தேர்வில் 'பனிநாட்டு மக்களின் வாழ்க்கையை விவரி' என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி, 'புத்தகத்தில் உள்ளது தவறு, டிரைவர் டீச்சர் சொன்னார்கள்' என்று மட்டும் எழுதிவிட்டு வந்தாள். முட்டை. அவள் அம்மா பள்ளிக்கு வந்து கேட்ட கேள்வி இரண்டு தெருவுக்குக் கேட்டது. அக்கா பயிற்சித் தேர்வில் தோற்றார்.

இரண்டாவது வாய்ப்பு ஒன்று உண்டு. அதிலும் தோற்றால் படிப்பை விட்டுப் போக வேண்டியதுதான். டெப்போவில் அவருடைய இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

நானாக இருந்தால் வேறு பாடம் கேட்டிருப்பேன். எல்லோரும் அதைத்தான் சொன்னோம். அவரோ அதே பாடம், அதே வகுப்பு என்று ஒற்றைக்காலில் நின்றார். முதலில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு வகுப்பாசிரியையிடம் போனார். அந்த டீச்சர் கறார். "பாடம் சரியோ தப்போ, பரீட்சையில அதத்தான் கேப்பாங்க. பிள்ளைங்க மார்க்குல நீங்க கை வைக்காதீங்க" என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. "இந்தத் தடவ வைக்க மாட்டேன் டீச்சர்" என்று அக்கா, வகுப்பை எப்படி நடத்துவது என்று நிமிடவாரியாக எழுதிய பாடத்திட்டத்தை நீட்டினார். டீச்சர் நான்குமுறை திருப்பி அனுப்பினார், நான்குமுறையும் அக்கா மாற்றி எழுதினார். வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதுவாராம். "எனக்கு டியூஷன், அவளுக்குக் காவல்" என்பார். ஐந்தாவது தடவை கையெழுத்து கிடைத்தது.

இரண்டாவது தேர்வன்று சக மாணவன் என்ற முறையில் நானும் கடைசி பெஞ்சில், தேர்வாளருக்குப் பக்கத்தில் இருந்தேன். அக்கா பாடநூல் வாக்கியத்தை அப்படியே கரும்பலகையில் எழுதினார். எல்லோரும் நோட்டில் எழுதி, ஒருமுறை சேர்ந்து படித்தார்கள். வாசல் ஓரமாக நின்றிருந்த வகுப்பாசிரியை தலையசைத்தார்.

பிறகு அக்கா ஒரு தாளை எடுத்து, "இது இன்னொரு நாட்டப் பத்தின பாடம். எந்த நாடுன்னு சொல்ல மாட்டேன், கேளுங்க" என்று படித்தார். தலையில் பானை. நெடுந்தூர நடை. வாகனங்கள் அரிது.

"ஐயோ பாவம் டீச்சர்" என்றது ஒரு குரல்.

"அங்க பஸ்ஸே கிடையாதா டீச்சர்?"

"நாம ஏதாவது அனுப்பலாமா?"

"அது நம்ம நாடுதான். என் சிநேகிதி எழுதினா" என்றார் அக்கா.

பிறகு வகுப்பு கொதித்தது. எங்க வீட்டில் குழாய் இருக்கு, எங்க அப்பா லாரி ஓட்டறாரு, யாரு டீச்சர் அவங்க, வரச் சொல்லுங்க. "நல்லவதான். புத்தகத்துல படிச்சத எழுதிட்டா. நம்மள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார் அக்கா. சொல்லிவிட்டுச் சும்மா நின்றார். கூச்சல் மெல்ல அடங்கியது. ஒவ்வொரு முகமாகக் கரும்பலகையில் இருந்த பனிநாட்டு வாக்கியத்தின் பக்கம் திரும்பியதை நான் கண்ணால் பார்த்தேன். என் உடம்பு சிலிர்த்தது. சொல்வதற்கு வெட்கம் ஒன்றுமில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாடத்திட்டப்படி மீதிப் பன்னிரண்டு நிமிடம் பாடத்தைத் தொகுத்துச் சொல்ல வேண்டும். ஆனால் முன்வரிசையில், முட்டை வாங்கிய அதே பெண் எழுந்தாள். "அப்ப பரீட்சையில எத எழுதறது டீச்சர்?"

தேர்வாளரின் பேனா நின்றது. இதைத் திட்டத்தில் எங்கும் எழுதவில்லை. 'நல்ல கேள்வி, அடுத்த வகுப்பில் பார்ப்போம்' என்று சொல்லத்தான் எங்களைப் பழக்கியிருந்தார்கள்.

அக்கா அவள் பெஞ்சுக்கே போனார். "போன தடவ நான் உனக்குப் பாதிதான் சொன்னேன். அது என் தப்பு. பரீட்சையில 'பாடநூல் கூறுவது'ன்னு ஆரம்பிச்சு புத்தகத்துல உள்ளத முழுசா எழுது. ஒரு மார்க்கும் விடாத. அந்த நாட்டுக்காரங்ககிட்ட என்ன கேக்கணும்னு தோணுதோ, அத நோட்டுல இப்பவே எழுது. நான் அனுப்பி வைக்கறேன்." வகுப்பு மொத்தமும் குனிந்து எழுதியது. உங்க பஸ் பனியில வழுக்காதா. உங்க ஸ்கூலுக்கு லீவு எப்ப. எங்க நாட்டப் பத்தி உங்க புத்தகத்துல என்ன போட்டிருக்கு. பாடத்தொகுப்பு நடக்கவே இல்லை. மணி அடித்தது.

பிள்ளைகள் போன பிறகு தேர்வாளர் மதிப்பீட்டுத் தாளை மேசையில் வைத்தார். அதில் கடைசி வரியை நாங்களே நிரப்ப வேண்டும்: 'பாடத்திட்டத்திலிருந்து விலகல் உண்டா?' உண்டு என்றால் பத்து மதிப்பெண் கழியும். எங்கள் வகுப்பில் இதுவரை யாரும் 'இல்லை' தவிர வேறொன்று எழுதியதில்லை. என் தேர்வன்று நானும் அதைத்தான் எழுதினேன், பாதித் திட்டத்தை மறந்துபோயிருந்தும்.

தேர்வாளர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, "இல்லைன்னு போட்டுடுங்கம்மா. பாஸ் மார்க் விளிம்புல நிக்கறீங்க. நான் ஒண்ணும் கண்டுக்க மாட்டேன்" என்றார்.

அக்கா அவரிடம் பேனாவை வாங்கினார். 'உண்டு, பன்னிரண்டு நிமிடம்' என்று எழுதினார். அதன் கீழே அந்தப் பெண் கேட்ட கேள்வியை ஒரு எழுத்து விடாமல் எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.