முதுகு காட்டும் பூதங்கள்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக ஊரையே ஏற்றி இறக்குகிற வேலை. விரல் இடுக்கில் இருக்கும் கிரீஸ் எந்த சோப்புக்கும் அசையாது. இதுவரை சொன்னால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஓய்வு நேரத்தில் பூதங்களுக்குப் பழக்கவழக்கம் எழுதுகிறார் என்றால்தான் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான், ஒளிப்பானேன்?

சனிக்கிழமை பிற்பகலில் எங்கள் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேஷம். எதிரே என்ன வருகிறது, என்ன நடக்கிறது என்று இவர் கதை நடத்துவார். அடி பட்டதா தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். இந்த ஆட்டங்களில் பூதம் என்றால் வெட்டுவதற்கென்றே படைத்தது. வாயைத் திறந்து பேசுகிற பூதத்தையும் வெட்டிப்போட்டுவிட்டுப் புதையலை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். இவருக்கு அதுதான் ஆகாது.

"பேசத் தெரிஞ்சவனுக்கு வீடு வாசல் இருக்காதா? கல்யாணம் காட்சி இருக்காதா? யாராவது வந்து வெட்டட்டும்னு குகைக்குள்ள காத்துக்கிட்டா இருப்பான்?" என்பார்.

மூன்று வருஷம் உட்கார்ந்து 'குடைவர்' என்று ஒரு கூட்டத்தை எழுதினார். மலையைக் குடைந்து வாழ்கிறவர்கள், ஈராள் உயரம், கோரைப்பல். மார்பும் வயிறும் பாறை மாதிரி, முதுகு மட்டும் மெத்தென்று இருக்கும். அதனால் அவர்கள் ஒருவரை வரவேற்றால் திரும்பி நின்று முதுகைக் காட்டுவார்கள். உயிரையே உங்கள் கையில் கொடுத்தேன் என்று அர்த்தம். இப்படியே நாற்பது பக்கம். குடைவர் வீட்டுச் சண்டை எப்படித் தீரும் என்று எழுதத் தெரிந்த மனுஷனுக்கு எங்கள் வீட்டுக் குழாய் சொட்டுவது மட்டும் கண்ணில் படவே இல்லை.

ஆட்டப் புத்தகம் போடும் ஒரு கம்பெனிக்கு அதை அனுப்பினார். அங்கே எடிட்டராக இருந்த அம்மாள் போனில் பேசினார். பூதத்தின் பலம், ஆயுதம் எல்லாம் ஆறு பக்கம் போதும், பழக்கவழக்கத்துக்கு நாற்பது பக்கமா, யார் படிப்பார்கள் என்றார். இவர் கெஞ்சினார். கடைசியில் அந்த அம்மாள் இறங்கி வந்தார். "நாலு புது ஆளுங்களைக் கூட்டிட்டு வரேன் சார். அந்த நாற்பது பக்கத்தால ஆட்டம் மாறுச்சுன்னா அப்படியே போடறேன். மாறலேன்னா ஆறு பக்கம்தான். அவங்களுக்கு முன்கூட்டி நீங்க எதுவும் சொல்லக் கூடாது."

"ஆறு பக்கமாவது வருதேன்னு வாங்கிக்கோங்களேன்" என்றேன்.

"ஆறு பக்கம்னா அது குடைவர் இல்ல. வெறும் பூதம்" என்றவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூதத்துக்காக என் சாப்பாட்டின் மேல் கோபமா?

சனிக்கிழமை எல்லாரும் வந்தார்கள். நாலு பேரில் பெரிய குரல் ஒரு வேன் டிரைவருடையது. அவர்தான் வாள்வீரர். கதையில் மலை வாசல் வரை போனார்கள். குடைவர் தூதர் ஒருவர் வெளியே வந்தார், இவர்களைப் பார்த்தார், திரும்பி முதுகைக் காட்டி நின்றார்.

"அட, முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது பாரு! விடாதீங்க!" என்று வேன்காரர் பகடையை உருட்டினார். விழுந்ததோ உச்ச எண். தூதர் ஒரே வெட்டில் செத்தார்.

நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எடிட்டர் எதையோ குறித்துக்கொண்டார். நாற்பது பக்கமும் அம்போ என்று நினைத்தேன்.

இவர் நிதானமாகச் சொன்னார். "கதவு திறக்குது. நாற்பது பேர் வர்றாங்க. கையில ஆயுதம் இல்ல. கிழவங்க, குழந்தையைத் தூக்கினவங்க. செத்துக் கிடக்கறவரைப் பார்க்கறாங்க. உங்களைப் பார்க்கறாங்க. அப்புறம் எல்லாரும் திரும்பி முதுகைக் காட்டி நிக்கறாங்க."

வேன்காரர் பகடையை எடுத்தார், உருட்டவில்லை. "ஏன் இப்படி நிக்கறீங்கன்னு கேக்கறேன்" என்றார்.

"ஒரு கிழவி திரும்பாமலே சொல்றா. 'எங்க உசுரு முதுகுலதான். வந்தவங்களை நம்பி அதைக் கொடுப்போம். அதை யாரும் வெட்ட மாட்டாங்க. அதனால உன் கத்தி கை தவறித்தான் பட்டிருக்கும். தவறித்தானே பட்டுச்சு, தம்பி?'"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது.

"இல்லம்மா" என்றார் வேன்காரர். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ. "வேணும்னுதான் வெட்டினேன். எனக்குத் தெரியல." எழுந்தார், நாற்காலியைத் திருப்பிப் போட்டு, இவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் பகடையை யாரும் தொடவில்லை. எடிட்டரே பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: "செத்தவரை உள்ள தூக்கிட்டுப் போய் என்ன செய்வாங்க?"

இவர் தாள்களைப் புரட்ட ஆரம்பித்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"அவர் குடைஞ்ச சுவரை எல்லாரும் தடவிப் பார்ப்பாங்க. அவர் பாதியில விட்டதைக் கொன்னவன் குடைஞ்சு முடிக்கணும். முப்பத்தோராம் பக்கம்" என்றேன்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. "நீ படிச்சியா?" என்றார் இவர்.

"பின்ன? மூணு வருஷமா மேஜை மேலயே கிடந்தா, கண்ணை மூடிக்கிட்டா துடைப்பேன்?"

எடிட்டர் சிரித்துவிட்டார். "நாற்பதும் அப்படியே இருக்கட்டும் சார். இந்த முதுகு விஷயம் எங்கேர்ந்து பிடிச்சீங்க?"

"லிஃப்ட் குழிக்குள்ள குனிஞ்சு வேலை செய்யறப்போ, மேல ஸ்விட்ச் பக்கத்துல ஒரு ஆள் நிப்பார். அவர் கை பட்டா நான் காலி. நான் திரும்பிப் பார்க்கறதே இல்ல" என்றார். இருபத்தாறு வருஷத்தில் என்னிடம்கூடச் சொல்லாத விஷயம். எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது, கூடவே கண்ணும் கலங்கித் தொலைத்தது.

எல்லாரும் கிளம்பினார்கள். வேன்காரர் மட்டும் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். கை கொடுக்கப் போகிறார் என்று இவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அவர் கை கொடுக்கவில்லை. இவர் எதிரில் வந்து நின்று, திரும்பி, அந்த அகலமான முதுகைக் காட்டி நின்றுவிட்டுப் போனார்.